அமெரிக்க ராணுவத்தின் சீருடையும் சாதனங்களும் காலப்போக்கில் எப்படி மாறின?

1/35 அளவு பிளாஸ்டிக் போர்வீரர்களை ஒட்டி வண்ணம் தீட்டுவது எனக்குப் பதினைந்து வருடப் பழக்கம். இன்னும் பொம்மை வைத்து விளையாடுகிறான் என்று வீட்டில் கேலி செய்வார்கள். ஆனால் எந்த வருடம் எந்தப் பாக்கெட் சாய்வாகத் தைக்கப்பட்டது என்று தேடித் தேடிப் படித்ததில், இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் பதில் சேர்ந்திருக்கிறது.

முதலில் நிறம். 1861-65 உள்நாட்டுப் போரில் வடக்குப் படை கருநீலக் கம்பளிக் கோட்டும் வெளிர்நீலக் கால்சட்டையும் போட்டது. எதிரி கண்ணில் படாதா என்று இப்போது தோன்றும். அன்று இருந்தது கரிமருந்து. நாலு சுற்று சுட்டால் களம் முழுக்கப் புகை. அதற்குள் நம்மாள் யார் என்று தெரிவதே பெரும்பாடு. புகையில்லாத வெடிமருந்து வந்ததும் கணக்கு தலைகீழானது. 1898-இல் கியூபாவில் நடந்த அமெரிக்க-ஸ்பெயின் போரில் ஸ்பெயின் வீரர்கள் மெல்லிய பருத்தி உடையில், புகை கக்காத மவுசர் துப்பாக்கியோடு இருந்தார்கள். அமெரிக்கர்களில் பலர் ஜூலை வெயிலில் கம்பளியில் வெந்தார்கள். தாமாக முன்வந்து சேர்ந்தவர்களின் படைகள் பலவற்றின் கையில் பழைய கரிமருந்துத் துப்பாக்கி. ஒரு தடவை சுட்டாலே வெண்புகை எழும்பி, ஆள் இருக்கும் இடத்தைக் காட்டிக் கொடுத்துவிடும். அந்த வருடமே காக்கி உள்ளே வந்தது. (தூசு நிறம் என்று பொருள்படும் அந்தச் சொல்லும் வழக்கமும் பிரிட்டிஷ் இந்தியப் படையிலிருந்து போனவை.) 1902-இல் மங்கிய பச்சைப் பழுப்பு. நீலம் விழாக்களுக்கு ஒதுங்கிக்கொண்டது.

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ்காரர்களின் தட்டு மாதிரியான ஹெல்மெட்டையே வாங்கி மாட்டிக்கொண்டார்கள். அதை விட்டுவிடலாம். எனக்குப் பிடித்தது 1941-இல் வந்த எம்1 ஹெல்மெட். வெளியே எஃகு ஓடு, உள்ளே தனியாகக் கழலும் இன்னொரு ஓடு. இப்படிப் பிரிக்க முடிந்ததால் எஃகு ஓடு சிப்பாய்க்கு வாளியாகவும் ஆனது. அதில் தண்ணீர் பிடித்து முகம் மழித்தார்கள், சாக்ஸ் துவைத்தார்கள், அவசரத்துக்கு மண்கூடத் தோண்டினார்கள். பழைய புகைப்படங்களில் பலர் தாடைப் பட்டையை மாட்டாமல் தொங்கவிட்டிருப்பார்கள். குண்டு வெடிக்கும் காற்றழுத்தம் ஹெல்மெட்டோடு கழுத்தையும் இழுத்து முறித்துவிடும் என்று பயம். பிற்பாடு, வேகமாக இழுபட்டால் தானே கழன்றுவிடும் கொக்கி வைத்தார்கள். 1980-களில் வந்த, கெவ்லர் என்ற வலுவான செயற்கை இழையால் ஆன ஹெல்மெட் தலையை இன்னும் நன்றாகக் காத்தது. ஆனால் துணி துவைக்க ஆகாது.

அப்புறம் வியட்நாம். மழை, சகதி, அட்டை. காட்டுச் சட்டையின் முதல் வடிவத்தில் பட்டன்கள் வெளியே தெரிந்தன. கொடியிலும் முள்ளிலும் மாட்டிக்கொண்டன. அடுத்த வடிவத்தில் அவற்றைத் துணி மடிப்புக்குள் மறைத்தார்கள். அதற்கடுத்து தோள் பட்டிகளும் போயின. பூட்ஸ்தான் அருமையான வேலை. கணுக்காலைச் சுற்றி நைலான் கேன்வாஸ், உள்ளே புகுந்த தண்ணீர் வெளியேற ஓரத்தில் சிறு துளைகள், சேறு ஒட்டாமல் உதிரும்படி வெட்டிய அடிப்பாகம். கூர் சீவிய மூங்கில் முளைகளை எதிரிகள் குழியில் நட்டு வைப்பார்கள் என்பதால் பாதத்துக்கு அடியில் எஃகுத் தகடும் வைத்தார்கள்.

துப்பாக்கி விஷயத்தில் அந்த அக்கறை இல்லை. எம்16-ஐ அவசரமாகக் கொடுத்தபோது தோட்டாவின் மருந்தை மாற்றியிருந்தார்கள், துப்பாக்கிக்குள் தோட்டா உட்காரும் அறைக்குக் குரோம் பூச்சு இல்லை, துடைக்கும் சாமான்கள்கூடப் பலருக்குப் போய்ச் சேரவில்லை. சண்டை நடுவில் தோட்டா சிக்கிக்கொண்டது. 1967-இல் நாடாளுமன்றக் குழு விசாரிக்கும் அளவுக்கு அது போனது. பூச்சு வந்து, சுத்தம் செய்யும் பழக்கமும் வந்த பிறகு அதே துப்பாக்கி நன்றாகவே சுட்டது.

ஈராக் போர்க் காலத்தில் பாரம் கூடியது. பீங்கான் தகடுகளோடு கூடிய கவசம் மட்டும் ஏழு கிலோவுக்கு மேல்.

சரி, இப்போது என் வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். 2004-இல் காடு, பாலைவனம், நகரம் எல்லாவற்றுக்கும் ஒரே உடை என்று சின்னச் சின்னச் சதுரங்கள் போட்ட டிசைனை அறிவித்தார்கள். மணல், சாம்பல், வெளிர்பச்சை, கறுப்பே கிடையாது. பத்தடியில் பார்க்க நவீனம். தூரத்தில் அந்தச் சதுரங்கள் ஒன்றாகக் கலந்து வெளுத்த சாம்பல் திட்டாகிவிடும். ஆப்கானிஸ்தானில் பச்சைப் பள்ளத்தாக்கிலும் ஒட்டவில்லை, பழுப்பு மலையிலும் ஒட்டவில்லை. போதாக்குறைக்குப் பாக்கெட்டுக்கு வெல்க்ரோ. இரவு ரோந்தில் திறந்தால் 'பர்ர்' என்று கேட்கும். மண் அடைத்தால் ஒட்டாது. கடைசியில் கால்சட்டைப் பாக்கெட்டுக்குப் பழைய பட்டனே திரும்பி வந்தது. அந்த உடையில் எனக்குப் பிடித்தது ஒன்றுதான்: பாலிஷ் போடத் தேவையில்லாத மணல் நிற பூட்ஸ்.

2010-இல் ஆப்கானிஸ்தான் போகிறவர்களுக்கு மட்டும் வேறு டிசைன் கொடுத்தார்கள். 2015-இல் அதற்கு நெருங்கிய ஒன்று எல்லோருக்கும் வரத் தொடங்கியது. 2019 செப்டம்பரோடு சதுரங்களுக்கு விடை கொடுத்தாயிற்று.

அந்தச் சதுரங்களை ஐந்து சென்டிமீட்டர் பொம்மையில் தூரிகையால் போட நான் முயன்றிருக்கிறேன். இடது கை முடிந்தது. வலது கை இன்னும் சாம்பல் நிறத்திலேயே அலமாரியில் நிற்கிறது.