முறுக்கு அடுப்பின் புகையும் சித்திரை வெயிலும்: ஆத்தாவின் இளைப்புக்கு என்ன செய்வது?

காரைக்குடியை அடுத்த புதுவயல் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய ஆத்தாவுக்கு வயது 66. முப்பது ஆண்டுகளாகக் கல்யாண வீடுகளுக்குக் கைமுறுக்கும் சீப்புச் சீடையும் விறகடுப்பில் சுட்டுக் கொடுத்து வருகிறார். இரண்டு கோடையாகக் காலையில் சளியோடு இருமல், படியேறினால் இளைப்பு. சென்ற சித்திரையில் அடுப்படியிலேயே மயங்கி விழுந்திருக்கிறார். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார். “பக்கத்து அரிசி ஆலைப் புகைதான் காரணம் என்று ஆத்தா சொல்கிறார்கள். மாஸ்க் போட்டால் போதுமா, ஏசி வாங்க வேண்டுமா, கோடை முடியும்வரை கோயம்புத்தூரில் தம்பி வீட்டில் கொண்டுபோய் விடலாமா?” என்று கேட்கிறார்.

கோயம்புத்தூரைப் பற்றி யோசிப்பதற்கு முன் அடுப்பைப் பற்றி யோசிக்க வேண்டும். ஆலையில் நெல் அவிக்கும் கொதிகலனுக்கு உமியை எரிக்கிறார்கள். மாடியில் காயும் துணியில் வந்து ஒட்டும் கருந்தூள் அதிலிருந்து வருவதுதான். ஆனால் கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் பெரிய தூள், பெரும்பாலும் மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும். நுரையீரலின் கடைசி நுண்ணறைவரை போவது 2.5 மைக்ரோமீட்டருக்கும் சிறிய துகள். அது தலைமுடியின் தடிமனில் இருபதில் ஒரு பங்குகூட இராது. இந்த நுண்துகள் ஆலைப் புகையிலும் உண்டு, விறகுப் புகையிலும் உண்டு. ஆலைப் புகை தெருக் காற்றில் கலந்து, நீர்த்து வந்து சேர்கிறது. அடுப்புப் புகையோ, நீர்ப்பதற்கு நேரமில்லாமல், குனிந்து முறுக்கைத் திருப்பிப் போடுபவரின் முகத்துக்கு ஒரு முழ தூரத்திலிருந்து நேரே ஏறுகிறது. ஆகவே ஆலையைப் பற்றிய ஆத்தாவின் புகார் பொய்யில்லை என்றாலும், அவர் நுரையீரலில் படிந்திருப்பதில் பெரும்பங்கு சொந்த அடுப்பிலிருந்து வந்ததாகவே இருக்க வேண்டும். உமிச் சாம்பலில் பெரும்பகுதி, மூச்சில் போனால் நுரையீரலைக் கெடுக்கும் சிலிக்கா என்பதால், மாடியில் படிந்த தூளை உலர்ந்த விளக்குமாற்றால் பெருக்காமல், தண்ணீர் தெளித்துக் கூட்டுங்கள்.

நாளைக் காலை அடுப்பு எரியும்போது, கொட்டகையின் தகர இடுக்கில் நுழைகிற வெயில் கற்றையைச் சற்று நேரம் பாருங்கள். அதில் மிதந்து மினுங்கும் பொடிகள் பெரியவை. கற்றையே நீலம் கலந்த வெண்மையாக, பால் கரைத்ததுபோல் தெரிகிறது அல்லவா, அந்த மங்கல்தான் நுண்துகள். தனித்தனியாகக் காண முடியாத அளவுக்குச் சிறியவை என்பதால் மொத்தமாக ஒரு மூட்டமாகத் தெரிகின்றன. நம் பக்கத்தில் எளிதில் கிடைக்கும் சீமைக் கருவேல விறகை ஈரத்தோடு வைத்தால், அது எரியாமல் புகைந்து, இந்த மூட்டத்தை இன்னும் அடர்த்தியாக்கும்.

24 மணி நேரச் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராமுக்கு மேல் நுண்துகள் இருக்கலாகாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வரையறுத்தது. இந்தியாவின் வரம்பு 60. விறகை விட்டு எரிவாயுவுக்கு மாறினால் எவ்வளவு குறையும் என்பதற்கு நம் மாநிலமும் பங்கேற்ற ஒரு நல்ல ஆய்வு இருக்கிறது. தமிழ்நாட்டிலும் குவாத்தமாலா, பெரு, ருவாண்டா ஆகிய நாடுகளிலுமாக 3,200 கர்ப்பிணிகளை வைத்து நடத்திய அந்த ஆய்வின் முடிவு 2022-இல் வெளியானது. விறகில் சமைத்தவர்கள் சுவாசித்த காற்றில் நுண்துகள் ஏறக்குறைய 70 மைக்ரோகிராம். எரிவாயுவுக்கு மாறியவர்களிடம் 24. குழந்தைகளின் பிறப்பு எடை அதனால் கூடவில்லை என்பதையும் ஆய்வாளர்கள் மறைக்காமல் எழுதினார்கள். ஆனாலும் மூச்சில் சேரும் அளவு மூன்றில் ஒரு பங்காகக் குறைவது, ஏற்கெனவே இளைக்கிற ஒருவருக்குச் சிறிய விஷயமன்று. முறுக்குக்கு விறகின் ருசி வராது என்று ஆத்தா சொல்லக்கூடும். எண்ணெயின் சூடு ஒரே சீராக நின்றால் முறுக்கு நன்றாகவே வேகும் என்பதை ஓர் ஈடு சுட்டுக் காட்டிவிடலாம். முப்பது ஆண்டு கைப்பழக்கத்தையும் அதில் வரும் வருமானத்தையும் பறிக்காமல் புகையை மட்டும் பறிக்க வேண்டும் என்பதே என் விருப்பம்.

புகைபிடிக்காத பெண்களுக்கும் விறகுப் புகையால் நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் வருகிறது. ‘சிகரெட் பழக்கம் உண்டா’ என்ற கேள்வியோடு விசாரணை முடிந்துவிடுவதால், இவர்களில் பலருக்கு அது ஆஸ்துமா என்றோ வயதின் களைப்பு என்றோ சொல்லப்பட்டுவிடுகிறது. மருத்துவரிடம் போகும்போது எத்தனை ஆண்டுகளாக, நாளுக்கு எத்தனை மணி நேரம் விறகடுப்பில் நின்றார் என்பதை நீங்களே சொல்லி, ஸ்பைரோமெட்ரி என்ற ஊதிப் பார்க்கும் பரிசோதனையைக் கேளுங்கள். விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் 97 காட்டினால் நுரையீரல் நலம் என்று பொருளில்லை. புகையிலிருந்து இரத்தத்தில் ஏறும் கார்பன் மோனாக்சைடை அந்தக் கருவியால் பிரித்தறியவும் முடியாது. இன்ஹேலர் எழுதிக் கொடுத்தால் பழகிவிடும் என்று பயப்பட வேண்டாம். ஆனால் அதைத் தகரக் கொட்டகைச் சூட்டில் வைக்கக் கூடாது.

இனி வெயில். புகையும் வெப்பமும் ஒன்று சேரும்போது கேடு கூட்டலாக இல்லாமல் பெருக்கலாக வருகிறது. கலிபோர்னியாவில் நடந்து 2022-இல் வெளியான ஓர் ஆய்வில், கடும் வெப்பம் மட்டும் இருந்த நாட்களில் இறப்பு வாய்ப்பு 6 சதவீதமும், நுண்துகள் மட்டும் மிகுந்த நாட்களில் 5 சதவீதமும், இரண்டும் கூடிய நாட்களில் 21 சதவீதமும் உயர்ந்தன. சூட்டைத் தணிக்க இதயம் தோலுக்கு அதிக இரத்தத்தை அனுப்புகிறது, மூச்சும் வேகமாகிறது. அப்போது உள்ளே போகும் துகளும் கூடுகிறது, அது இரத்தக் குழாயில் அழற்சியை உண்டாக்கி அதே இதயத்தை இன்னும் உழைக்க வைக்கிறது. 1901 முதல் உள்ள பதிவுகளில் இந்தியாவுக்கு 2024-தான் மிக வெப்பமான ஆண்டு; அவ்வாண்டு அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. பகலைப் போலவே இரவும் தணியாமல் போவதால், முந்தைய நாளின் களைப்போடுதான் உடல் மறுநாள் அடுப்புக்கு முன் நிற்கிறது.

எனவே கத்திரி முடியும்வரை, சுடும் வேலை காலை எட்டு மணிக்குள் முடியட்டும். விடியலில் காற்று அசையாமல் புகை தாழ்ந்து நிற்கும் என்பதால், அந்த நேரத்தில் எரிவாயு அடுப்பை மட்டுமே பயன்படுத்துங்கள். கொட்டகைத் தகரத்தின் மேற்புறம் வெள்ளைச் சுண்ணாம்பு அடித்தால் உள்ளே இறங்கும் சூடு குறையும். கீற்று வேய்வது குளிர்ச்சிதான் என்றாலும் அடுப்புக்கு மேலே அது தீ ஆபத்து. பழைய வீடாக இருந்தால் வளவின், அதாவது நடு முற்றத்தின், திறப்பைப் பாருங்கள். சூடான காற்றும் புகையும் மேலேறி வெளியேறத்தான் முன்னோர் அதை வானத்துக்குத் திறந்து வைத்தார்கள். மழைக்கும் குரங்குக்கும் பயந்து பல வீடுகளில் அதைத் தகடு போட்டு மூடிவிட்டார்கள். உங்கள் வீட்டிலும் அப்படியென்றால், தகட்டை ஒரு முழம் உயர்த்தி நான்கு பக்கமும் கம்பி வலை அடியுங்கள்.

துணி மாஸ்க்கும் ஈரத்துண்டும் நுண்துகளைத் தடுக்காது. என்95 தடுக்கும், ஆனால் இளைப்பு உள்ளவர் கொதிக்கும் எண்ணெய்க்கு முன் அதை வெகுநேரம் அணிய முடியாது. சாதாரண ஏசி, அறைக்குள் இருக்கும் காற்றையே சுழற்றிக் குளிர்விக்கிறது, புகையை வெளியேற்றாது. மதியம் ஓய்வெடுக்க அது உதவும், அவ்வளவே. வறண்ட மதியங்களில் ஈரத்துணி போர்த்தி மின்விசிறிக்கு அடியில் இருந்தாலே நன்கு தணியும். அறைச் சூடு 40 பாகையைத் தாண்டினால் விசிறிக் காற்றே உடலைச் சுடும். தம்பி வீட்டுக்குப் போனால் நன்மை அடுப்பை விட்டு விலகுவதால்தான் வரும், திரும்பி வந்து அதே அடுப்பில் உட்கார்ந்தால் இருமலும் திரும்பும்.

மயங்கி விழுந்ததை வெயில் மயக்கம் என்று விட்டுவிடாதீர்கள். ஈசிஜி எடுத்துப் பார்க்க வேண்டும். இரத்த அழுத்த மாத்திரைகளில் சில சிறுநீரைக் கூட்டி உடலின் நீரைக் குறைக்கும், சில இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும். இரண்டுமே கோடையில் மயக்கத்துக்கு இடம் தரும். நீங்களாக நிறுத்தாமல், பங்குனியிலேயே மாத்திரை அட்டையைக் கொண்டுபோய் அளவை மாற்ற வேண்டுமா என்று கேளுங்கள். இதய, சிறுநீரகக் கோளாறு இல்லையென்றால், அடுப்பில் நிற்கும்போது அரை மணிக்கு ஒரு டம்ளர் தண்ணீரோ உப்புக் குறைந்த நீர்மோரோ குடிக்கலாம். ஒரு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் 2.6 கிராம் உப்பு இருப்பதால், இரத்த அழுத்தம் உள்ளவர் அதைத் தினமும் பருகக் கூடாது.

பேச்சு குழறினாலோ, ஆள் தெரியாமல் பேசினாலோ, உடல் கொதித்தாலோ 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை காத்திராமல், நிழலில் கிடத்தி, உடல் முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே இருங்கள். நினைவு தெளியாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது.