ரெசிடென்சி இல்லாமல் அமெரிக்க லைசென்ஸா?

எம்.எஸ். ஜெனரல் சர்ஜரி முடித்துச் சில ஆண்டு அனுபவமும் இருக்கிறது, அமெரிக்காவில் சில மாநிலங்கள் ரெசிடென்சி (அங்குள்ள மருத்துவமனையில் பெறும் மேற்பயிற்சி) இல்லாமலே மருத்துவம் பார்க்க லைசென்ஸ் தருகின்றனவாமே, நேராக அங்கே போய்விடலாமா என்று கேட்டிருந்தீர்கள் தம்பி.

செய்தி உண்மைதான். டென்னசி 2023-இல் அப்படி ஒரு சட்டம் இயற்றியது, புளோரிடா 2024-இல். ஆனால் தலைப்புச் செய்தியோடு நின்றுவிடாதீர்கள். யு.எஸ்.எம்.எல்.இ. என்ற அமெரிக்க மருத்துவ லைசென்ஸ் தேர்வுகளும், வெளிநாட்டில் படித்த மருத்துவரின் தகுதியை உறுதிசெய்யும் இ.சி.எஃப்.எம்.ஜி. சான்றிதழும் அங்கேயும் வேண்டும். உங்களை வேலைக்கு எடுக்க ஒரு மருத்துவமனை முன்வர வேண்டும். டென்னசியில் முதலில் கிடைப்பது தற்காலிக லைசென்ஸ்தான். இரண்டு ஆண்டு ஒழுங்காக வேலை பார்த்தால்தான் முழு லைசென்ஸ்.

சரி, அதுவும் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். லைசென்ஸ் கொடுப்பது மாநிலம். போர்டு சர்டிபிகேஷன், அதாவது துறை நிபுணர் என்ற சான்று, வேறு கதை. அறுவை சிகிச்சைக்கான அமெரிக்க போர்டு, பொதுவாக இங்கே அமெரிக்காவில் ஐந்து ஆண்டு ரெசிடென்சி முடித்தவரைத்தான் தேர்வு எழுத விடும். அது இல்லாதவருக்குப் பல மருத்துவமனைகள் ஆபரேஷன் செய்யும் உரிமை தராது. காப்பீட்டு நிறுவனங்களும் தயங்கும். கையில் லைசென்ஸ் இருக்கும், கத்தியைத் தொட முடியாது! வேறு மாநிலத்துக்கு மாறலாம் என்றால், பல இடங்களில் பழையபடி ரெசிடென்சி கேட்பார்கள்.

விதிகளும் ஒரே இடத்தில் நிற்பதில்லை. நான் இருக்கும் கலிபோர்னியாவையே எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் படித்தவருக்கு இரண்டு ஆண்டு ரெசிடென்சிப் பயிற்சி போதும் என்றிருந்ததை 2020 ஜனவரியில் மூன்றாக்கினார்கள். 2022-இல் கொஞ்சம் இறங்கி வந்தார்கள்: 24 மாதத்தில் லைசென்ஸ் வாங்கிக்கொள்ளலாம், 36 மாதம் முடித்ததை முதல் புதுப்பித்தலின்போது காட்ட வேண்டும். அதனால் சீனியர்கள் சொல்வதை, நான் சொல்வதையும் சேர்த்துத்தான், லைசென்ஸ் தரும் அந்தந்த மாநில மெடிக்கல் போர்டின் விதியோடு ஒருமுறை ஒத்துப்பாருங்கள்.

என்னைக் கேட்டால், சர்ஜனாகவே இருக்க வேண்டும் என்பவர் மேட்ச் (ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் தேசிய முறை) வழியாக ரெசிடென்சிக்குத்தான் முயல வேண்டும். கற்றதையே மறுபடி ஐந்து ஆண்டு கற்பது எரிச்சல்தான், மறுக்கவில்லை. டென்னசி, புளோரிடா வழியை இரண்டாவது திட்டமாக வைத்துக்கொள்ளுங்கள்.

விசாவையும் இப்போதே யோசியுங்கள். ஜே-1 என்ற பரிமாற்ற விசா என்றால் பயிற்சி முடிந்து இரண்டு ஆண்டு ஊருக்குத் திரும்ப வேண்டும், அல்லது விலக்கு வாங்க வேண்டும். எச்-1பி என்ற வேலை விசா என்றால் யு.எஸ்.எம்.எல்.இ.யின் கடைசிக் கட்டமான ஸ்டெப் 3-ஐ முன்பே முடித்திருக்க வேண்டும். எல்லா ஸ்டெப்பையும் 7 ஆண்டுக்குள் முடிக்கச் சொல்லும் மாநிலங்களும் பல உண்டு. ஆகவே, தொடர்ந்து படிக்க நேரம் கிடைக்கும் என்று உறுதியான பிறகே ஸ்டெப் 1-க்குப் பணம் கட்டுங்கள்.