பட்டறைப் பதில்கள்: ஒன்பது வருடம் நின்ற பத்மினி

கேள்வி: அப்பா 1986-இல் வாங்கிய பிரீமியர் பத்மினி கார், அவர் மறைந்த பிறகு ஒன்பது வருடமாகக் கொட்டகையில் நிற்கிறது. தம்பி புது பேட்டரி வாங்கி வந்துவிட்டான். மாட்டி ஸ்டார்ட் செய்து பார்க்கலாமா?
– ஒரு வாசகி, காரைக்குடி

பதில்: பேட்டரி இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும், அம்மா. சாவி கடைசியில்தான்.

சிலிண்டர் சுவரில் இருந்த ஆயில் எப்போதோ வடிந்திருக்கும். பிஸ்டன் ரிங்குகள் துருவோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். அந்த நிலையில் ஸ்டார்ட்டரைக் கொடுத்தால் ரிங் முறியும், சுவரில் கீறல் விழும். அப்படி அவசரப்பட்டுக் கெடுத்த வண்டி ஒன்று என் பட்டறைக்கு வந்தது. நான்கு கரண்டி ஆயிலில் முடிந்திருக்க வேண்டிய வேலை. இன்ஜினை முழுதாகப் பிரித்து, சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்கி ரீபோர் செய்தோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றுங்கள். துளைக்கு ஒரு கரண்டி இன்ஜின் ஆயில் விட்டு, மூன்று நாள் ஊறட்டும். பிறகு டாப் கியரில் போட்டு, இரண்டு பேர் மெதுவாக முன்னும் பின்னும் அசைக்க வேண்டும். பத்மினிக்கு ஓட்டம் பின்சக்கரத்தில். சக்கரம் உருண்டால் இன்ஜினும் சுழலும். பிடி விடும்போது பிளக் துளையிலிருந்து ‘புஸ்’ என்று காற்றோடு ஆயில் துளி தெறிக்கும். அந்தச் சத்தத்துக்காக ஒரு வாரம்கூடக் காத்திருந்திருக்கிறேன். நியூட்ரலிலேயே வண்டி நகரவில்லை என்றால் கோளாறு வேறு: ஹேண்ட் பிரேக்கைப் போட்டபடி விட்டிருப்பீர்கள், பிரேக் லைனிங் டிரம்மோடு ஒட்டியிருக்கும்.

ஏர் ஃபில்டர் மூடியையும் திறந்து பாருங்கள். சென்ற வருடம் ஒரு வண்டியில் வைக்கோல், தேங்காய் நார், கிழிந்த பள்ளி நோட்டுத் தாள் எல்லாம் சேர்த்து எலி கூடு கட்டியிருந்தது. எலி வந்த வண்டியில் ஒயரையும் கடித்திருக்கும். பேட்டரி மாட்டுவதற்கு முன் ஒவ்வொரு ஒயராகத் தடவிப் பாருங்கள்.

டேங்கில் கிடக்கும் பழைய பெட்ரோலில் ஒரு சொட்டுகூடக் கார்புரேட்டருக்குப் போகக் கூடாது. வடித்துவிட்டு, டேங்கைக் கழுவுங்கள். இன்று பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அது பழைய ரப்பரை அரித்துவிடும். ஆகவே ஹோஸ்கள், பெட்ரோல் பம்பின் உள்ளே இருக்கும் ரப்பர் சவ்வான டயாபிரம் இரண்டையும் எத்தனாலைத் தாங்கும் வகையாகப் பார்த்து மாற்றுங்கள். இதில் மட்டும் சிக்கனம் வேண்டாம், கசிந்தால் தீ.

இன்ஜின் ஆயிலை மாற்றிய பிறகுதான் பேட்டரி. அப்போதும் பிளக் இல்லாமலே, விட்டு விட்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றி, டாஷ்போர்டில் ஆயில் பிரஷர் விளக்கு அணைந்ததும் பிளக்கைப் போடுங்கள். இன்ஜின் பேசிவிட்டது என்று உடனே தெருவுக்கு எடுத்துவிடாதீர்கள். மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்களின் ரப்பர்கள், பிரேக் ஆயில், டயர்கள் எல்லாம் புதிதாக வேண்டும். டயரில் காற்று நிற்கிறதே என்று நம்ப வேண்டாம்.

வண்டியின் பதிவுச் சான்றான ஆர்.சி.யும் காலாவதியாகியிருக்கும், பதினைந்து வருடத்துக்குப் பிறகு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அப்பா பெயரிலேயே இருந்தால் வாரிசு பெயருக்கு மாற்றுங்கள்.

கழற்றிய பிளக்குகளை வரிசை மாறாமல் வைத்து, எதன் முனையில் துரு, எதில் கரி என்று எழுதி அனுப்புங்கள். மற்றதை அடுத்த இதழில் சொல்கிறேன்.