சொறிமீன் விஷத்துக்காகக் கீமோவைத் தள்ளிப்போடலாமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயது. மார்பகப் புற்றுநோய்க்கு இரண்டு சுற்று கீமோ முடிந்தது. மூன்றாவது சுற்றுக்கு வர மறுக்கிறார். கடல் உயிரினங்களின் விஷம் புற்றுநோய் செல்களைக் கொல்கிறது என்று செய்தியில் பார்த்ததிலிருந்து, “அந்த மருந்து வரட்டும்” என்கிறார். அதைச் சொட்டு மருந்தாகவே விற்கிறார்களாம். வாங்கலாமா, டாக்டர்?

பதில்: வாங்க வேண்டாம். காத்திருக்கவும் வேண்டாம்.

செய்தி பொய்யில்லை. ஆய்வகத் தட்டில் வளர்த்த புற்றுநோய் செல்கள்மீது சொறிமீன் விஷத்தை விட்டால் அவை சாகின்றன. அந்த விஷத்திலுள்ள சில புரதங்கள் செல்லின் மேலுறையில் ஓட்டை போட்டுவிடும். சிக்கல் என்னவென்றால், ரத்தச் சிவப்பணுவிலும் அதே ஓட்டைதான். எது நோய், எது நல்லது என்று அதற்குத் தெரியாது. கொதிக்கிற வெந்நீரை ஊற்றினாலும் அந்தத் தட்டில் செல்கள் செத்துத்தான் போகும்! இன்றுவரை கடல் விஷம் எதுவும் புற்றுநோயை அழிக்கும் மருந்தாக ஒப்புதல் பெறவில்லை.

வலிக்கு ஒன்று உண்டு. கூம்பு நத்தை என்றொரு கடல் நத்தை, ஈட்டி போன்ற பல்லால் மீனைக் குத்தி அப்படியே முடக்கிவிடும். அந்த விஷத்திலுள்ள ஒரு சிறு புரதத்தைச் செயற்கையாகச் செய்ததுதான் சிக்கோனோடைடு. 2004இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. தாங்க முடியாத நாள்பட்ட வலிக்கு, புற்றுநோய் வலிக்கும்கூட, பம்ப் வைத்து முதுகுத்தண்டு நீருக்குள் நேராகச் செலுத்துவார்கள். மார்ஃபின் போல அடிமையாக்காது. ஆனால் மனக்குழப்பம், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது போன்ற தொல்லைகள் வரலாம். வேறு எதற்கும் அடங்காத வலிக்குத்தான் இதை எடுப்போம்.

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்: கடலிலிருந்து வந்த மருந்து கீமோவிலேயே இருக்கிறது. விஷத்திலிருந்து அல்ல, கடற்பஞ்சிலிருந்து. பரவிவிட்ட மார்பகப் புற்றுநோய்க்குத் தரும் எரிபுலின் அப்படி வந்ததுதான். 1980களில் ஜப்பானிய விஞ்ஞானிகள் 600 கிலோ கடற்பஞ்சைப் பிழிந்தெடுத்தும் மூலப்பொருள் 12.5 மில்லிகிராம்தான் தேறியது. அப்புறம் அதன் மூலக்கூறில் வேண்டிய பகுதியை மட்டும் வைத்து ஆய்வகத்திலேயே தயாரித்தார்கள். 2010இல் மருந்தாக வந்தது. அம்மாவுக்கு அது தேவையா என்பதை அவருடைய புற்றுநோய் மருத்துவர்தான் சொல்ல முடியும்.

சரி, அந்தச் சொட்டு மருந்து? அதில் நிஜமாகவே விஷப் புரதம் இருந்தால் ஒவ்வாமை வரலாம். மற்றபடி பெரும்பகுதியை வயிறு செரித்துவிடும். இல்லையென்றால் வெறும் தண்ணீருக்குக் காசு.

எனக்கென்னவோ, அம்மா விஷ மருந்துக்காகக் காத்திருப்பதாகத் தோன்றவில்லை, கீமோவுக்குப் பயப்படுகிறார். வாந்தியா, சோர்வா, முடி கொட்டியதா என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். வாந்திக்கு நல்ல மருந்துகள் உண்டு, அளவையும் மாற்றிப் பார்க்கலாம். அவர் சொல்வதை எழுதிவைத்து, மூன்றாவது சுற்றுத் தேதிக்கு முன்பே மருத்துவரிடம் காட்டுங்கள்.