முழு நைட் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். விருதுநகரிலிருந்து எழுதுகிறேன். பெயர் வேண்டாம். மகள் பிளஸ் டூ படிக்கிறாள். இரவு ஒரு மணி வரை அவள் அறையில் விளக்கு எரிகிறது. பாதி நேரம் படிப்பு, பாதி நேரம் போன். காலை ஐந்தரைக்கு எழுப்பினால்தான் ஆறே முக்கால் பஸ்ஸைப் பிடிக்க முடியும். ஏழரைக்கு ஸ்பெஷல் கிளாஸ். எழுப்புவது தினமும் ஒரு சண்டை. ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணி வரை தூங்குகிறாள். மாமியாருக்கு 74 வயது. எட்டரைக்குப் படுத்து மூன்று மணிக்கு எழுந்துவிடுவார். "பொம்பளப் பிள்ளை பொழுது ஏறுற வரைக்கும் தூங்குனா வீடு விளங்குமா?" என்பார். கணவர் கடையை அடைத்துவிட்டு வரப் பத்தரை ஆகும். அவருக்குச் சாப்பாடு போட்டு, பாத்திரம் ஒதுக்கிவிட்டு, மகள் படுக்கும் வரை நானும் உட்கார்ந்திருப்பேன். நாலே முக்காலுக்கு எழ வேண்டும். எனக்கு வயது 44. நடுராத்திரியில் வேர்த்து விழிப்பு வேறு வருகிறது, அது கிடக்கட்டும். என் மகளுக்கு இருப்பது சோம்பேறித்தனமா? வளர்ப்பில் நான் எங்கே தவறினேன்?

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரி,

சோம்பேறித்தனம் இல்லை. உங்கள் வளர்ப்பிலும் குறை இல்லை. இதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கடிதம் முழுக்க அந்தப் பயம்தான் தெரிகிறது.

பொழுது சாய்ந்த பிறகு மூளையில் மெலடோனின் என்ற ஹார்மோன் சுரக்க ஆரம்பிக்கும். 'இரவு வந்துவிட்டது' என்று உடம்புக்குச் சொல்வது அதுதான். பருவ வயதில் அது சுரக்கத் தொடங்கும் நேரமே தள்ளிப்போய்விடுகிறது. பத்து வயதில் ஒன்பது மணிக்குச் சொக்கி விழுந்த பிள்ளைக்குப் பதினேழு வயதில் பதினோரு மணிக்கும் கண் சொருகாது. இளம் குரங்குகளிடமும் எலிகளிடமும்கூட இந்த மாற்றத்தைப் பார்த்திருக்கிறார்கள். அதனால் எல்லாப் பழியையும் போன் மீது போட முடியாது. இந்தத் தள்ளிப்போதல் இருபது வயதை ஒட்டி உச்சத்துக்குப் போய், அப்புறம் மெல்ல மெல்லத் திரும்புகிறது. வயது ஏற ஏற முன்னால் வந்து, 74 வயதில் மூன்று மணி விழிப்பாக நிற்கிறது. உங்கள் மாமியாருக்கு நடப்பதும் உங்கள் மகளுக்கு நடப்பதும் உடம்புக்குள் ஓடும் ஒரே கடிகாரத்தின் வேலை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எட்டரையிலிருந்து மூன்று வரை ஆறரை மணி நேரம். மதியம் சாப்பிட்டுவிட்டு ஒரு மணி நேரம் கண்ணயர்வார் என்று நினைக்கிறேன். வீட்டிலேயே போதுமான அளவு தூங்குகிறவர் அவர்தான். உங்கள் மகள் தூங்குவது நாலரை மணி நேரம். அந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரம் வேண்டும்.

இங்கே என் அப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. ராஜபாளையத்தில் நூற்பு மில்லில் வேலை பார்த்தார். பகல் ஷிப்ட், அரை நைட், முழு நைட் என்று மாறி மாறி வரும். முழு நைட் என்றால் இரவு பன்னிரண்டிலிருந்து காலை எட்டு வரை. எட்டு மணிச் சங்கு ஊதி அரை மணி நேரத்தில் வீட்டுக்கு வந்துவிடுவார். தலைமுடியிலும் புருவத்திலும் பஞ்சு ஒட்டியிருக்கும். குளித்து, பழையதைச் சாப்பிட்டுவிட்டுப் படுப்பார். அம்மா ஒரு பழைய போர்வையைத் தண்ணீரில் நனைத்து, தெருப் பக்கத்து ஜன்னலில் கட்டித் தொங்கவிடுவாள். வெளிச்சமும் வராது, அறையும் குளிர்ந்து இருக்கும். அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டு ஆட்டுக்கல் சுற்றாது. அம்மா ஊறவைத்த அரிசியைத் தூக்கிக்கொண்டு நாலு வீடு தள்ளிப் போய் ஆட்டிவிட்டு வருவாள். வாசலில் அப்பாவின் டயர் செருப்பு கிடந்தால், கீரைக்காரம்மா குரல் கொடுக்காமல் கூடையை இறக்கி வைத்துவிட்டுக் கதவை விரலால் தட்டுவார். நாங்கள் பிள்ளைகள் தெருமுனைக்குப் போய்த்தான் விளையாட வேண்டும்.

அத்தனை பேர் காத்தும் அப்பாவால் நாலு மணி நேரத்துக்கு மேல் தூங்க முடிந்ததில்லை. உள்ளே இருக்கும் கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து ஓடுவது. சூரியன் மேலே இருக்கும்போது தூங்கச் சொன்னால் கேட்காது. ஆனால் அந்த நாலு மணி நேரத்துக்கு ஒரு தெருவே மரியாதை கொடுத்தது. யாரும் அவரைச் சோம்பேறி என்று சொல்லவில்லை. பகலில் தூங்குகிற மனிதரைப் பார்த்து வீடு விளங்குமா என்று கேட்கவில்லை. காரணம், அந்தத் தூக்கத்துக்குப் பின்னால் சம்பளம் இருந்தது.

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து இதுதான் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது. சம்பாதிக்கும் தூக்கத்தைத்தான் நம் வீடுகளில் காப்பாற்றுகிறோம். பிளஸ் டூ பிள்ளையின் தூக்கத்துக்கு யார் ஆட்டுக்கல்லை நிறுத்துகிறார்கள்? அவளும் முழு நைட் பார்த்துவிட்டு வருகிற ஆள்தான். உடம்பின் கணக்கில் அவளுக்கு நள்ளிரவாக இருக்கும் நேரத்தில் எழுப்பி, பஸ்ஸில் ஏற்றி, ஏழரைக்கு இயற்பியல் நடத்துகிறோம்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத்தில் இதற்காகவே 2019இல் ஒரு சட்டம் போட்டார்கள். உயர்நிலைப் பள்ளிகள் காலை எட்டரைக்கு முன்னால் தொடங்கக் கூடாது. 2022 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அங்கே சட்டம் வேண்டியிருந்தது. உங்கள் பள்ளியில் ஏழெட்டுத் தாய்மார்கள் சேர்ந்து பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் எழுந்து நின்று, 'ஸ்பெஷல் கிளாஸைச் சாயங்காலத்துக்கு மாற்றுங்கள்' என்று கேட்கலாம். கேளுங்கள். படித்தது மூளையில் படிவதே தூக்கத்தில்தான். தூக்கத்தைப் பறித்து நடத்தும் வகுப்பால் மதிப்பெண் ஏறாது என்று அழுத்திச் சொல்லுங்கள்.

வீட்டில் செய்யக்கூடியவை சில. பத்து மணிக்கு டீ கேட்பாள், கொடுக்காதீர்கள். அதில் இருக்கும் காஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். மூன்று மணிக்கும் பாதி டீ ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். காலையில் மொட்டை மாடியில் நின்று வெயில் முகத்தில் பட பல் துலக்கட்டும். கடிகாரத்தை முன்னால் இழுக்க வெயிலைவிட நல்ல மருந்து இல்லை. போனைப் பொறுத்தவரை, பிடுங்க வேண்டாம். பதினோரு மணிக்கு வீட்டில் எல்லாருடைய போனும் கூடத்து அலமாரிக்குப் போகட்டும், அப்பாவுடையதும் சேர்த்து. ஞாயிறு பதினோரு மணித் தூக்கம் வாரக் கடனை அடைப்பது, பாவம். ஆனால் அதில் கடிகாரம் இன்னும் பின்னால் போய்த் திங்கட்கிழமை வெளிநாட்டு விமானத்தில் வந்து இறங்கியவள் மாதிரி ஆகிவிடுகிறாள். ஒன்பதுக்கு எழுப்பிவிட்டு, மதியம் ஒரு தூக்கம் போடச் சொல்லுங்கள்.

சரி, உங்களுக்கு வருகிறேன்.

1938இல் க்ளைட்மன் என்ற தூக்க ஆய்வாளர், தன் மாணவர் ஒருவரோடு அமெரிக்காவின் கென்டக்கியில் உள்ள மேமத் குகைக்குள் 32 நாட்கள் தங்கினார். சூரியனே தெரியாத இடத்தில் ஒரு நாளை 28 மணி நேரமாக்கி வாழ்ந்து பார்ப்பது திட்டம். இருபதுகளில் இருந்த மாணவரின் உடம்பு பழகிக்கொண்டது. க்ளைட்மனின் உடம்பு கடைசி வரை பழகவில்லை. அவருக்கு அப்போது 43 வயது, கிட்டத்தட்ட உங்கள் வயதுதான். மகளுக்காக ஒரு மணி வரை விழித்து, மற்றவர்களுக்காக நாலே முக்காலுக்கு எழுந்து, அதையும் உடம்பு பழகிக்கொள்ளும் என்று நீங்கள் நம்பிக்கொண்டிருக்கிறீர்கள். மூன்றே முக்கால் மணி நேரம்! என் அப்பாவின் முழு நைட் வாரத்தைவிடக் குறைவு. அதையும் 'அது கிடக்கட்டும்' என்று ஒரு வரியில் தள்ளிவிட்டீர்கள். வாரக் கடைசியில் அப்பாவுக்கு ஷிப்ட் மாறும். உங்களுக்கு மாறுவதில்லை.

இரவில் வேர்த்து விழிப்பு வருவது, இந்த வயதில் மாதவிடாய் நிற்பதற்கு முன்னான மாற்றமாக இருக்கலாம். வேறு காரணமாகவும் இருக்கலாம். தயவுசெய்து ஒரு மகப்பேறு, பெண்கள் நல மருத்துவரைப் பாருங்கள். தாங்கிக்கொண்டே போக வேண்டிய விஷயம் இல்லை, சிகிச்சை இருக்கிறது. மகளோடு விழித்திருப்பதை இன்றே விட்டுவிடுங்கள். விளக்கை அணைக்க அவளுக்குத் தெரியும். கணவர் வந்து அவரே போட்டுச் சாப்பிடட்டும். சோற்றை ஹாட்பாக்ஸில் வைத்துவிட்டுப் படுங்கள்.

ஒன்று தோன்றுகிறது. உங்கள் வீட்டில் மூன்று ஷிப்டுக்கும் ஆள் இருக்கிறது. மாமியார் மூன்று மணிக்கு எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல்தான் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருப்பார். உடம்பு முடிகிற மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே காய் நறுக்கி, தேங்காய் துருவி வைக்க முடியுமா என்று கேளுங்கள். குறையாகச் சொல்லாமல், 'அத்தை, ராத்திரி தூக்கமே வரமாட்டேங்குது' என்று உங்கள் கஷ்டத்தைச் சொல்லிக் கேளுங்கள். அந்த வயதில் நம்மிடம் உதவி கேட்டு வருகிறவர்கள் குறைவு, சந்தோஷமாகச் செய்வார் என்றுதான் நினைக்கிறேன். அப்படி நடந்தால் நீங்கள் ஐந்தரைக்கு எழுந்தால் போதும், மகள் எழும்போது.

ஒரு வாரம் செய்து பார்த்துவிட்டு எழுதுங்கள். மகள் எத்தனை மணிக்குப் படுத்தாள் என்பதோடு, நீங்கள் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்பதும் கடிதத்தில் இருக்க வேண்டும்.

அன்புடன்.