ஜவுளிக்கடை புதுக் கிளை: வேலைக்குச் சேரும் முன் காரைக்குடிக்காரர்கள் கேட்டவை

பெரிய ஜவுளிக்கடைகள் நம்ம பக்கம் கிளை திறக்க வர்றதால, வேலை பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கீங்க. பட்டு கவுண்டர்ல 22 வருஷம் நின்னவ நான். தெரிஞ்சதைச் சொல்றேன்.

தேவகோட்டை தங்கை: அக்கா, பி.காம். படிச்சிட்டு சேலை பிரிச்சுப் போடவா போறது?

பில்லிங், கணக்கு, குடோன்ல பார்கோடு ஒட்டுறதுன்னு உள்ளே பல வேலை இருக்கும்மா, கேளு. ஆனா கவுண்டரைக் குறைச்சு நினைக்காதே. கல்யாணப் பட்டுக்கு ஒரு குடும்பம் வந்து உட்கார்ந்தா நாற்பது சேலையாவது பிரிப்போம். முந்தியை ஆச்சி பக்கம் விரிச்சுக் காட்டிக்கிட்டே, பொண்ணு கண்ணு எதுல நிக்குதுன்னு பார்க்கணும். அவங்க போனதும் அத்தனையையும் பழைய மடிப்பிலேயே, ஜரிகை உரசாம மடிக்கணும். அப்படிக் கை பழகினவங்கதான் பிறகு கொள்முதலுக்குப் போறாங்க.

கல்லல் தம்பி: சம்பளம் தவிர என்ன கேட்கணும்க்கா?

இ.எஸ்.ஐ. (மருத்துவக் காப்பீடு), பி.எஃப். (வருங்கால வைப்பு நிதி) ரெண்டும் உண்டான்னு கேளு. கடையில 10 பேர் இருந்தாலே இ.எஸ்.ஐ. உண்டு. மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள்ள இருந்தா உன்கிட்ட பிடிக்கிறது 0.75 சதவீதம், முதலாளி கட்டுறது 3.25. 20 பேர் இருந்தா பி.எஃப். நான் முதல்ல இருந்த கடையில பணம் பிடிச்சாங்க, கட்டலை. ஆறு வருஷம் கழிச்சுத்தான் தெரிஞ்சது. அதனால உன் பி.எஃப். கணக்குக்கான யு.ஏ.என். எண்ணை வாங்கி, மாசாமாசம் போன்ல பாஸ்புக்கைப் பாருப்பா. வேலை தீபாவளி வரைக்கும்தானா, நிரந்தரமாங்கிறதையும் எழுத்துல வாங்கிக்கோ.

புதுவயல் அக்கா: நாள் பூரா நிக்கணுமாமே?

வேண்டியதில்லை. 2021-ல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்துல 22-ஏ பிரிவு சேர்த்து, எல்லாருக்கும் இருக்கை தரணும்னு ஆக்கிட்டாங்க. வேலை கேட்டுப் போறப்பவே கவுண்டருக்குப் பின்னால ஸ்டூல் கிடக்குதான்னு பாருங்க.

கண்டாங்கி நெய்யும் அண்ணன்: தறிக்காரனுக்கு இதுல என்னம்மா இருக்கு?

அண்ணே, என் மனசு கிடக்கிறது இதுலதான். நம்ம கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊர்ச் சரக்குங்கிற அரசு அடையாளம், கிடைச்சாச்சு. காரைக்குடிக் கிளையில அதுக்கு ஒரு அலமாரி ஒதுக்கினா, கடையில வேலைக்கு வராத நெசவாளிங்க வீட்டுலயும் தறி ஓடும். கொள்முதல் ஆளைப் போய்ப் பார்த்துக் கேளுங்க. ஒரே நிறத்துல எத்தனை சேலை, எத்தனை நாள்ல தர முடியும்னு கணக்கோட போங்க. முதல்ல உத்யம்ங்கிற குறு, சிறு தொழிலுக்கான அரசுப் பதிவைச் செஞ்சுடுங்க. குறு, சிறு தொழில் சட்டப்படி சரக்கை ஏத்துக்கிட்ட 45 நாளுக்குள்ள பணம் தரணும். எழுத்து ஒப்பந்தம் இல்லேன்னா 15 நாள்தான். "வித்த பிறகு தர்றோம்"னு சொன்னா சேலையை இறக்காதீங்க.