சம்பளம் இல்லாத அதிகாரம்: வாசகர் கேள்வி – பதில்

(16, 17ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் நாட்டுப்புறக் கனவான்களைப் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தோம். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில்.)

சத்தியக்கடதாசி என்றால் சமாதான நீதவானிடம் ஓடுகிறோம். அந்தப் பதவி அங்கிருந்துதான் வந்தது என்று எழுதியிருந்தீர்கள். அந்தக் கனவான்களும் கையெழுத்துத்தான் வைத்துக்கொண்டிருந்தார்களா? – வாசகர், மாங்குளம்

கையெழுத்தும் வைத்தார்கள், ஆளைச் சிறைக்கும் அனுப்பினார்கள். நம்மிடம் வந்து சேர்ந்தது பெயரும் முத்திரையும்தான். அதிகாரம் வழியிலேயே உதிர்ந்துவிட்டது.

1361ஆம் ஆண்டுச் சட்டம் இந்தப் பதவிக்கு வடிவம் கொடுத்தது. 1439 முதல், ஆண்டுக்கு 20 பவுண் வருமானம் தரும் காணி உள்ளவரே இதற்குத் தகுதியானவர். 1732இல் அது 100 பவுண் ஆனது. இன்று கச்சேரி, பிரதேச சபை, நீதிமன்றம், வீதித் திணைக்களம், சமுர்த்தி என்று பிரித்துக் கொடுத்திருக்கிற வேலைகளை அள்ளி ஒருவர் தலையில் வைத்தால் எப்படி இருக்கும்? அதுதான் இந்த வேலை.

களவு என்று ஒருவனைப் பிடித்து வந்தால் கனவானின் வீட்டு மண்டபமே விசாரணைக் கூடம். பிடிபட்டவன் சொல்வதை எழுத்தில் எடுக்க வேண்டும். சாட்சிகள் வழக்குக்குக் கட்டாயம் வர, பணப் பிணைமுறி எழுதி வாங்க வேண்டும். பிறகு சிறையா பிணையா என்று தீர்மானிக்க வேண்டும். பிணைமுறி வாங்க மறந்தால் அறுவடைக் காலத்தில் சாட்சி வரமாட்டான், வழக்கும் போய்விடும். ஆண்டுக்கு நான்கு முறை கவுண்டி (நம் மாவட்டம் போன்ற பிரிவு) நீதவான்கள் கூடிச் சிறு குற்றங்களைத் தீர்த்தார்கள். தூக்குத்தண்டனைக்குரிய பெரிய வழக்குகளைப் பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை சுற்றுக்கு வரும் அரச நீதிபதிகளுக்கு விட்டுவிட்டார்கள்.

இது பாதி வேலைதான். 1552 முதல் தவறணைக்கு அனுமதி கொடுக்க இரண்டு நீதவான்கள் கையெழுத்திட வேண்டும். 1555 முதல் ஒவ்வொரு தேவாலயப் பங்கின் (ஊர்ப் பிரிவின்) மக்களும் ஆண்டுக்கு 4 நாள் கூலியில்லாமல் வீதி திருத்த வேண்டும், 1563இல் அது 6 நாளானது. ஒழுங்காக நடக்கிறதா என்று பார்ப்பதும் இவர்களே. குளக்கட்டு வேலைக்கு வீட்டுக்கு ஓர் ஆள் வராவிட்டால் வட்டவிதானையார் படும் பாடு வன்னியில் தெரியாததல்ல. அதே பாடுதான் அங்கும். 1563 முதல் கூலி விகிதத்தை நிர்ணயித்தார்கள். 1601 முதல் ஏழைகளுக்கான வரிக் கணக்கும் இவர்கள் கைக்கு வந்தது.

இத்தனைக்கும் சம்பளம் கிடையாது. அமர்வு நாளுக்கு 4 சிலிங் படி என்று பழைய சட்டம் ஒன்று இருந்தது, அவ்வளவுதான். ஆனாலும் நீதவான்களின் பட்டியலில் தன் பெயர் அயலவன் பெயருக்கு மேலே வரவேண்டும் என்று அடிபட்டார்கள். அரசருக்குக் கோபம் வந்தால் பெயரை வெட்டுவார். அதைவிடப் பெரிய மானக்கேடு நாட்டுப்புறத்தில் இல்லை. கனவானின் அரசியலைப் பாராளுமன்றத்தில் மட்டும் தேடுகிறவர்கள் இந்த மண்டபத்தைத் தவறவிடுகிறார்கள் என்பது எங்கள் எண்ணம்.

40 சிலிங் வாக்குரிமை என்றால் என்ன? வாக்களிப்பு எப்படி நடந்தது? – உயர்தர வகுப்பு மாணவி, புதுக்குடியிருப்பு

1430ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆண்டுக்கு 40 சிலிங், அதாவது 2 பவுண், பெறுமதியான சொந்தக் காணி உள்ளவருக்குக் கவுண்டித் தேர்தலில் வாக்கு உண்டு. இந்தத் தொகை 1832 வரை அப்படியே இருந்தது. இடையில் விலைவாசி ஏறியதால் சிறு விவசாயிகள் பலரும் வாக்காளர் ஆகிவிட்டார்கள்.

பரீட்சையில் பலர் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. நம் பக்கத்தில் உறுதிக் காணியும் பெர்மிட் காணியும் வேறுவேறு அல்லவா? அங்கும் நிலப்பிரபுவின் பதிவேட்டில் பெயர் எழுதி வைத்திருந்த காணிக்கு, அது எவ்வளவு பெரிதானாலும், இந்தத் தகுதி கிடையாது.

இங்கிலாந்தில் ஒவ்வொரு கவுண்டிக்கும் இரண்டு உறுப்பினர்கள். கவுண்டியில் அரசரின் அதிகாரியான ஷெரிப் முன்னிலையில் ஓரிடத்தில் கூடிப் பெயர் சொல்லிக் கத்துவார்கள். எந்தக் கூச்சல் பெரிது என்று தெரியாவிட்டால் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு எண்ண வேண்டும், சந்தேகம் வந்தால் 40 சிலிங் காணி உண்டா என்று சத்தியம் வாங்கலாம். இரகசிய வாக்கு 1872இல்தான் வந்தது. யார் யாருக்குப் போட்டான் என்பது காணிக்காரருக்குத் தெரியும் என்பதை மறக்கக்கூடாது.

முடிந்தவரை போட்டியே வராமல் பார்த்துக்கொண்டார்கள். பெரிய குடும்பங்கள் முன்கூட்டியே பேசி இரண்டு பெயரை முடிவு செய்துவிடும். போட்டி வந்தால் தூரத்து வாக்காளருக்குச் சாப்பாடும் குடியும் படுக்கையும் வேட்பாளர் செலவு. தோற்றால் கடனோடு அவமானமும் சேரும்.

ஷெரிப் பதவி பெரிய கௌரவம்தானே? ஏன் தப்பி ஓடினார்கள்? – வாசகர், நெடுங்கேணி

கௌரவம்தான், ஆனால் ஓராண்டில் கையைக் கடித்துவிடும். சுற்றுக்கு வரும் நீதிபதிகளை உபசரிப்பது அவர் பொறுப்பு. அரசருக்குச் சேர வேண்டிய பணத்தை அறவிட்டுக் கணக்குக் காட்டுவதும் அவரே. கணக்கில் குறைந்தால் சொந்தப் பணத்தில் கட்ட வேண்டும்.

மூன்று பெயர் எழுதிய பட்டியலில் ஒரு பெயரில் அரசர் ஊசியால் துளையிடுவார். அப்படிக் குத்துப்பட்டவர் தன் கவுண்டியை விட்டு வெளியேறக்கூடாது, பாராளுமன்றத்திலும் அமரமுடியாது. 1625இல் முதலாம் சார்ள்ஸ் இதையே ஆயுதமாக்கினார். அடுத்த பாராளுமன்றத்தில் தன்னை எதிர்ப்பார்கள் என்று நினைத்த சேர் எட்வேர்ட் கோக், சேர் தோமஸ் வென்ட்வேர்த், சேர் ரொபர்ட் பெலிப்ஸ் உட்பட ஆறு பேரை ஷெரிப் ஆக்கினார். கோக்குக்கு அப்போது எழுபது வயது கடந்துவிட்டது. கெட்டிக்காரத்தனம்தான், பலன் மட்டும் இல்லை. 1626இல் சேர் ஜோன் எலியட் முன்னுக்கு வந்து அரசரின் செல்லப்பிள்ளை பக்கிங்ஹாம் பிரபுமீது குற்றம் சாட்ட, அரசர் பாராளுமன்றத்தையே கலைத்தார்.

'பரோனெட்' பட்டத்தை விலைக்கு விற்றார்களாமே? – வாசகர், மல்லாவி

ஆம், தகப்பனுக்குப் பின் மகனுக்குப் போகும் 'சேர்' பட்டம் அது. 1611இல், 1,095 பவுணுக்கு. அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்டரில் 30 படைவீரரை 3 ஆண்டு வைத்திருக்கும் செலவு என்பது சாட்டு. ஒருவருக்கு நாளுக்கு 8 பென்ஸ், 1,095 நாள் (அப்போது பவுணுக்கு 240 பென்ஸ்). பெருக்கிப் பாருங்கள், சரியாக வரும்.

மூத்த மகனுக்கே எல்லாக் காணியும் என்றால் மற்றப் பிள்ளைகள்? – வாசகி, ஒட்டுசுட்டான்

தேசவழமையில் முதுசமும் சீதனமுமாகப் பிள்ளைகளுக்குப் பிரித்துப் பழகிய நமக்கு இது அநியாயமாகத்தான் தெரியும். ஆனால் காணி துண்டானால் நீதவான் பதவியும் செல்வாக்கும் துண்டாகிவிடும் என்பது அவர்கள் கணக்கு. இளைய மகன்மார் சட்டம், தேவாலயம், வியாபாரம் என்று போனார்கள். மகள்மாருக்குக் காசாகச் சீதனம். 17ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலிருந்து, மூத்தவனும் காணியை விற்கமுடியாமல் ஆயுள் உரிமை மட்டும் பெறும்படி கலியாணத்தோடு உறுதி முடித்தார்கள். மகள்மார் கூடினால் காணி ஈட்டுக்குப் போகும்.

இதைவிடக் கொடுமை, தகப்பன் இளவயதில் இறப்பது. படைச்சேவைக் கடப்பாட்டோடு அரசரிடமிருந்து பெற்ற காணியானால் பிள்ளை அரசரின் பராமரிப்புக்குள் போய்விடும். அந்தப் பாதுகாவலர் உரிமையை அரசு விற்கும். வாங்கியவர் பிள்ளைக்குத் தன் விருப்பப்படி கலியாணமும் பேசலாம். இதை நடத்திய நீதிமன்றத்தைப் பாராளுமன்றம் 1646இல் ஒழித்தது. 1660இல் அந்த ஒழிப்பு உறுதியானது.

உள்நாட்டுப் போரில் இவர்கள் எந்தப் பக்கம்? – வாசகர், செட்டிகுளம்

முதலாம் சார்ள்ஸ் அரசருக்கும் பாராளுமன்றத்துக்கும் 1642இல் மூண்ட போர் அது. இவர்கள் இரண்டு பக்கமும் நின்றார்கள். சில வீடுகளில் தகப்பன் ஒரு பக்கம், மகன் மறுபக்கம். பக்கிங்ஹாம்ஷியரில் கிளேடன் என்ற ஊரின் சேர் எட்மண்ட் வேர்னி அரசரின் கொடியைத் தாங்கி, 1642 ஒக்டோபர் 23 எட்ஜ்ஹில் சண்டையில் இறந்தார். உடல் கிடைக்கவில்லை. மூத்த மகன் ரால்ப் பாராளுமன்றத்தின் பக்கம் நின்றவர். ஆனால் 1643இல் பாராளுமன்றம் கேட்ட மத உடன்படிக்கைச் சத்தியத்தை எடுக்க மறுத்துப் பிரான்சுக்குப் போனார். காணி முடக்கப்பட்டது. இளைய மகன் எட்மண்ட் அரசரின் படையில் இருந்து 1649இல் அயர்லாந்தின் துரோகெடாவில் கொல்லப்பட்டார்.

அரசருக்காக நின்றவர்களின் காணியை விடுவிக்க ஒரு முறை இருந்தது. லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் மண்டபத்தில் சொத்து விபரத்தைச் சத்தியம் செய்து கொடுத்து, அதன் பெறுமதியில் ஒரு பங்கைத் தண்டமாகக் கட்டுவது. ரால்ப் வேர்னியோ தான் குற்றவாளியே அல்ல என்று நின்றார். அதனால் அவர் மனைவி மேரி 1646இல் தனியாக இங்கிலாந்துக்குத் திரும்பி, பாராளுமன்றக் குழுக்களின் வாசலில் காத்துக்கிடந்து, தெரிந்தவர்களைப் பிடித்து அலைந்தார். 1648 தொடக்கத்தில் காணி விடுபட்டது. ரால்ப் ஊர் திரும்ப 1653 ஆயிற்று.